சீகிரியாப் பெண்ணை யார் வேண்டுமானாலும் வரையலாமா?

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளை நோக்கிப் போகிறவர்கள் வழிநெடுக ஒரே பெண்ணைப் பார்ப்பார்கள். வாசனைத் தோட்டக் கடையில் கறுவாப் பக்கற்றின் மேல் இருக்கிறாள். பத்திக் கடை வாசலில் தொங்கும் சேலையில் இருக்கிறாள். விடுதியின் பெயர்ப்பலகை, ரீசேட், மரத்தட்டு, சாவிக்கொத்து என்று எங்கும் அவள்தான். கையில் பூ, தலையில் உயர்ந்த அணி, இடுப்புக்குக் கீழே மேகம். முதலாம் காசியப்பன் காலத்தில், அதாவது கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சீகிரியாக் குன்றின் மேற்குச் சுவரில் பெயர் தெரியாத ஓவியர்கள் தீட்டிய பெண்களில் ஒருத்தி.

பத்திக் செய்பவர், லேபிள் அமைப்பவர், பெனர் அடிப்பவர் என்று படத்தை வைத்துப் பிழைக்கும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும். ஏற்கெனவே இருக்கிற படத்தை எடுத்து என் வேலையில் போடலாமா? சிலர் “இணையத்தில் கிடக்கிறதுதானே” என்று எடுத்துவிடுகிறார்கள். வேறு சிலர் பயத்தில், தாராளமாக எடுக்கக்கூடியதையும் தொடாமல் விடுகிறார்கள். அந்தப் படத்துக்கும் உங்களுக்கும் நடுவில் யாருடைய கைகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாலே இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதற்கு மாத்தளை மாவட்டத்தைப் போல வசதியான இடம் வேறு இல்லை. பழைய படமும் புதிய படமும், அவற்றைப் பிரதியெடுத்தவர்களும் இங்கே அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

சீகிரியாச் சுவரிலிருந்தே தொடங்குவோம். அந்த ஓவியத்துக்கு இன்று பதிப்புரிமை கோர எவரும் இல்லை. இலங்கையில் இதைத் தீர்மானிப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி ஒரு கலைஞரின் உரிமை அவருடைய வாழ்நாளும், இறந்த பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பதினைந்து நூற்றாண்டு பழைய கைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சுவரைப் பார்த்து நீங்களே வரைந்தால் அது உங்கள் படம், விற்கலாம்.

அப்படிப் பார்த்து வரைந்தவர்களுக்கு இந்த நாடு நன்றி சொல்ல வேண்டும். 1889இல் பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மரே ஓவியங்கள் இருக்கும் குகைப் பொந்துக்குள் ஏறிப் பிரதிகளை எடுத்தார். பிறகு தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லின் கீழ் தலைமை வரைவாளராக இருந்த டி.ஏ.எல். பெரேரா, 1896இலும் 1897இலும், நிலத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் இருந்துகொண்டு அந்தப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் பிரதி செய்தார். அந்தப் பிரதிகள் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போயின. 1967 அக்டோபரில் யாரோ பொந்துக்குள் புகுந்து ஓவியங்கள் மேல் பச்சை வண்ணத்தைப் பூசிச் சிதைத்தார்கள். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சி வந்து துப்புரவு செய்து பெரும்பகுதியை மீட்டார்; சில இடங்கள் மீளவில்லை. மூலம் அழியும்போது பிரதிதான் சாட்சி. ஆகவே “கொப்பியடித்தல்” என்ற ஒரே சொல்லால் எல்லாப் பிரதியையும் இழிவாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

சட்டத்திலும் வேலையிலும் சிக்கல் வருவது இரண்டாவது கையில்தான். கறுவாப் பக்கற்றுக்கு லேபிள் செய்யும் இளைஞர் குன்றில் ஏறி வரைவதில்லை, கணினியில் தேடுகிறார். கிடைப்பது ஒருவர் எடுத்த ஒளிப்படம், அல்லது இன்னொருவர் கோடிட்டு வரைந்த உரு. ஓவியம் பொதுச்சொத்தாக இருக்கலாம். ஆனால் ஒளிப்படமும் நமது சட்டம் பாதுகாக்கும் படைப்பு வகைகளில் ஒன்று. வெளிச்சத்தையும் கோணத்தையும் தெரிந்து எடுத்த ஒளிப்படக்காரர் அங்கே நிற்கிறார். மற்றொரு பத்திக் கடையின் சேலையைக் கைத்தொலைபேசியில் பிடித்து அதிலிருந்து கோடு எடுத்தால், நீங்கள் கடன்படுவது காசியப்பனின் ஓவியரிடம் இல்லை, பக்கத்துக் கடைக்காரரிடம். அவர் கூட்டிய கொடி, மாற்றிய வண்ணம், சுருக்கிய முகம் எல்லாம் அவருடையவை.

தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே பிடித்த ஒளிப்படத்துக்குப் புதிய உரிமை கிடையாது என்று 1999இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019இல் அதே திசையில் விதி செய்தது. இவை வேறு நாடுகளின் சட்டங்கள். மாத்தளையில் லேபிள் அடிப்பவர் அவற்றை நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒளிப்படக்காரரிடம் கேளுங்கள், அல்லது நீங்களே வரையுங்கள். ஓவியப் பொந்துக்குள் ஒளிப்படம் எடுக்கத் தடை இருக்கிறது. ஆனால் ஜப்பானிய உதவியுடன் கட்டி 2009இல் திறந்த சீகிரியா அருங்காட்சியகத்தில் ஓவியங்களின் பிரதிகளைப் பார்க்கலாம். அங்கே கவனித்துவிட்டு வந்து கடைகளில் தொங்கும் சீகிரியாப் பெண்களைப் பாருங்கள். பிரதியின் பிரதியின் பிரதியாக வந்ததில் விரல்கள் கரைந்துவிட்டன, பூ வெறும் வட்டமாகிவிட்டது, கண் எல்லா முகத்திலும் ஒன்றே. மூலத்திடம் போவது சட்டத்துக்கு மட்டும் நல்லதில்லை. படமும் நன்றாக வரும்.

வடிவமைப்பாளர்கள் நடுவே ஒரு கதை உலவுகிறது: “முப்பது வீதம் மாற்றினால் போதும், அது நம்முடையதாகிவிடும்.” சிலர் இருபது என்பார்கள், சிலர் பத்து. இப்படி ஒரு வீதக் கணக்கு சட்டத்தில் கிடையாது. 11ஆம் பிரிவு நியாயமான பயன்பாடு என்ற விலக்கைத் தருகிறது. விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்காக எடுப்பது அதற்குள் வரலாம். நியாயமா என்று பார்க்க நான்கு விடயங்கள் உண்டு: என்ன நோக்கம் (குறிப்பாக வணிக நோக்கமா), எடுத்த படைப்பின் தன்மை என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், மூலப் படைப்பின் சந்தைக்கு அதனால் என்ன நேரும். இந்த நான்கும் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளவைதான். அதனால் அங்கே நடந்த ஒரு வழக்கு நமக்கும் பாடமாகிறது.

லின் கோல்ட்ஸ்மித் என்ற ஒளிப்படக்காரர் 1981இல் பாடகர் பிரின்ஸைப் படம் பிடித்தார். அந்தப் படத்தை வைத்து அன்டி வோர்ஹோல் 1984இல் ஒரு சஞ்சிகைக்குச் சித்திரம் செய்தார், கூடவே ஒரு தொடரே செய்துவிட்டார். வோர்ஹோல் உலகப்புகழ் பெற்றவர். வண்ணமும் வெட்டும் முழுக்க அவருடைய பாணி. 2016இல் பிரின்ஸ் இறந்தபோது தொடரிலிருந்து இன்னொரு படத்தைச் சஞ்சிகை நிறுவனம் அட்டையில் போட்டது. வோர்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டொலர் போனது. கோல்ட்ஸ்மித்துக்கு எதுவும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது, ஏழுக்கு இரண்டு. ஒளிப்படமும் சஞ்சிகையில் பிரின்ஸைக் காட்டவே விற்கப்படுவது, சித்திரமும் அதற்கே விற்கப்பட்டது; பாணி மாறியது மட்டும் போதாது என்றது. வோர்ஹோலுக்கே போதாதது, கணினியில் நிறத்தை மாற்றி இடமிருந்து வலமாகத் திருப்பிப் போடும் நமக்குப் போதுமா?

சரியாகக் கடன் வாங்கியவரைப் பார்க்க மாத்தளைக்கே திரும்புவோம். நகருக்கு வடக்கே சற்றுத் தூரத்தில் அலுவிகாரை. பாளி திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. அதே ஊரில் எனா டி சில்வாவின் பூர்வீக வீடு இருக்கிறது. 1960களில் மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லகீ சேனாநாயக்க ஆகியோருடன் சேர்ந்து இலங்கைப் பத்திக்கை ஒரு கலையாக நிமிர்த்தியவர் அவர். பெந்தோட்டையில் ஜெஃப்ரி பாவா கட்டிய ஹோட்டலின் கூரை, கோட்டே பாராளுமன்றத்தில் தொங்கும் கொடிகள் எல்லாம் அவருடைய கைவண்ணம். பின்னர் அலுவிகாரைக்குத் திரும்பி ஊர்ப் பெண்களுக்குத் தொழில் தரும் நிலையம் ஒன்றை நடத்தினார்; 2015இல் காலமானார்.

எனா வெறும் வெளியிலிருந்து படைக்கவில்லை. பழைய கண்டிக் கொடிகள், விகாரைச் சுவர், கொடி வேலைப்பாடு எல்லாவற்றிலும் எடுத்தார். எடுத்ததை மெழுகிலும் சாயத்திலும் போட்டுத் தன் அளவுக்குப் பெருக்கி, தன் வண்ணத்தில் தந்தார். நல்ல கடன் வாங்கல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அவருடைய கொடிகளைத்தான் காட்டுவேன். மூலம் எல்லோருக்கும் பொதுவான மரபு. வந்து சேர்ந்த வடிவம் ஒருவருடையது. அவருடைய வடிவத்தைப் பார்த்துச் செய்துவிட்டு “இது மரபுதானே” என்று சொல்ல முடியாது.

பத்திக் விடயத்தில் காலக்கணக்கு கொஞ்சம் மாறும், கவனியுங்கள். சுவரில் மாட்டும் ஓவியம் என்றால் இறந்த பின் 70 ஆண்டு. பயன்படு பொருளோடு சேர்ந்த கலை, அதாவது சேலைக்கரை, குஷன் உறை, மேசை விரிப்பு போன்றவற்றுக்கான வடிவம் என்றால், செய்த நாளிலிருந்து 25 ஆண்டு மட்டுமே. புதிய வடிவத்துக்குக் கூடுதல் பலம் வேண்டும் என்றால் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதியலாம். முதலில் ஐந்து ஆண்டு, இரண்டு தடவை புதுப்பித்தால் மொத்தம் பதினைந்து. புதியதாக இருப்பதே நிபந்தனை என்பதால் கடையில் தொங்கவிடும் முன்பே பதிவைப் பற்றி யோசிக்க வேண்டும். பதிப்புரிமைக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. வரைந்த கணமே வந்துவிடும்.

லகீ சேனாநாயக்க தம்புள்ளைக்கு அருகே தியபுபுல என்ற காட்டுத்தோப்பில் வாழ்ந்தவர். கந்தளம ஹோட்டலில் படிக்கட்டுக்கு மேல் சிறகு விரித்து நிற்கும் பெரிய ஆந்தை அவருடையது. 1979இல் வந்த பறவை, பூ, பூச்சி, மிருகம் நிறைந்த ரூபா நோட்டுத் தொடரையும் அவர்தான் வடிவமைத்தார். என் தலைமுறையினரில் பலர் முதலில் கையில் பிடித்த ஓவியம் அதுவாகத்தான் இருக்கும். அந்த அழகைப் பார்த்து நோட்டின் படத்தைத் தூக்கி லேபிளிலோ விளம்பரத்திலோ போட ஆசை வரும். மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் நாணயத்தாளைப் பிரதிசெய்வது குற்றம். இது பதிப்புரிமைக்கும் அப்பாற்பட்ட தனித் தடை. கந்தளம ஆந்தையை ரீசேட்டில் அடிக்க வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும். லகீ இறந்தது 2021இல். உரிமை 2091 வரை போகும்.

மரபு வடிவங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற நூலில் கண்டிய நாட்டுக் கைவினைகளின் கோட்டுருவங்களும் படங்களும் நிறைந்திருக்கின்றன. குமாரசுவாமி 1947இல் இறந்தார். நூலுக்கு ஒளிப்படங்கள் எடுத்த அவருடைய அன்றைய மனைவி எதெல் 1952இல் இறந்தார். இருவர் கணக்கிலும் எழுபது ஆண்டு முடிந்துவிட்டது. அன்னம், கொடி, இருதலைப் பறவை என்று எதை வேண்டுமானாலும் அதிலிருந்து கற்று எடுக்கலாம். ஒரு தமிழர் நூறாண்டுக்கு முன் ஊரூராகத் திரிந்து சிங்களக் கைவினைஞரின் வேலையைப் பதிந்து வைத்ததால் இன்று இரு இனத்து இளைஞருக்கும் அது திறந்து கிடக்கிறது.

ஆனால் உயிரோடு இருக்கும் மரபு வேறு. மாத்தளையின் ஹபுவிடக் கிராமத்து அரக்கு வேலையைப் பாருங்கள். அரக்கைச் சூடாக்கி, இழுத்து நூலாக்கி, மரத்தின் மேல் விரல் நகத்தால் அழுத்தியும் கிள்ளியும் வடிவம் போடுவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. கைத்தடி, சிமிழ், ஏட்டுச்சுவடியின் மேல்பலகை என்று தலைமுறை தலைமுறையாக வந்த வேலை. அதை வடிவமைத்த தனி ஒருவர் இல்லை; ஊரே வடிவமைத்தது. யாருமே உரிமையாளர் இல்லை என்று நினைத்து அதைப் படமெடுத்து இயந்திரத்தில் அச்சடித்து “அரக்கு வேலை” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்காகவே சட்டத்தில் 24ஆம் பிரிவு இருக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் வழமையான சூழலுக்கு வெளியிலோ பிரதிசெய்வதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும். எந்தச் சமூகத்திடமிருந்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிடவும் வேண்டும். பலருக்குத் தெரியாத பிரிவு இது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஹபுவிட வடிவம் வேண்டுமென்றால் ஹபுவிடக் கைவினைஞர் ஒருவரை அமர்த்தி, கூலி கொடுத்து, பெட்டியில் ஊரின் பெயரைப் போடுவதுதான் ஒழுங்கு. அச்சடித்த போலி மலிவாக வந்து நகத்தால் செய்தவரின் சந்தையைத் தின்றுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு எடுப்பதற்கே மூலம் இராது.

தம்புள்ளைக் குகைகள் வேறொரு எச்சரிக்கையைத் தருகின்றன. அங்கே ஐந்து குகைகளில் சுமார் 2,100 சதுர மீற்றர் பரப்பில் ஓவியங்கள். பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், பழையதன் மேல் புதிதாகத் தீட்டியவை. ஒரே புத்தர் உருவம் நூறு நூறாகக் கூரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். திரும்ப வரைவது அந்த ஓவியர்களுக்கு வழிபாடு. பதிப்புரிமைப்படி அவை எவருக்கும் திறந்தவை. ஆயினும் புத்தர் உருவத்தை உடையில், செருப்பில், மதுபான விடுதி விளம்பரத்தில் போட்டால் தண்டனைச் சட்டக்கோவையின் மதம் சார்ந்த பிரிவுகளுக்குள் மாட்டிக்கொள்ளலாம். கையில் புத்தரைப் பச்சை குத்திய பிரித்தானியப் பெண் ஒருவர் 2014இல் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2017இல் சொல்லி நட்டஈடு கொடுத்தது. 2019இல் உடையில் தர்மச்சக்கரம் இருப்பதாகச் சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள்; அது கப்பலின் சுக்கான் சக்கரம். இந்தக் கைதுகள் தவறென்றே நான் நினைக்கிறேன். ஆனால் உடைக்கு வடிவம் போடுபவர் இவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். அவர் போட்ட வட்டத்துக்காக இன்னொருவர் சிறைக்குப் போகக்கூடாது.

மாசி மகம் நெருங்கினால் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானத்தின் பஞ்சரத பவனிக்காக நகரெங்கும் பெனர்கள் ஏறும். பெனர் அடிப்பவர் “அம்மன்” என்று தட்டினால் ஆயிரம் படம் வரும். அதில் ரவிவர்மாவின் அச்சகம் வெளியிட்ட பழைய இலட்சுமி, சரஸ்வதியும் இருக்கலாம். ரவிவர்மா 1906இல் இறந்தவர், அவை திறந்தவை. கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் நாட்காட்டிப் படமும் இருக்கலாம். சிவகாசி நாட்காட்டிகள் வழியாக நம் வீட்டுச் சாமியறைகளுக்கும் வந்த முகங்கள் அவை. அவர் இறந்தது 1976இல்; இந்தியக் கணக்கில் இறந்த பின் 60 ஆண்டு என்பதால் 2036 முடியும்வரை அங்கே உரிமை இருக்கிறது. பழைய சாமிப் படம் என்றால் எல்லாம் பொது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னும் பல படங்கள் ஏதோ ஒரு கோயிலில் யாரோ ஒரு ஒளிப்படக்காரர் அலங்காரத்தின்போது பிடித்தவை. நம் கோயில் பெனரில் வேறு ஊர் அம்மன் சிரிப்பது எனக்கு உவப்பாக இல்லை. கோயில் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஊர் ஒளிப்படக்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, நம் அம்மனையே எடுத்தால் வருடக்கணக்கில் உதவும்.

இலவசமாக, நிம்மதியாக எடுக்க இடங்களும் இருக்கின்றன. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பொதுச்சொத்துப் படைப்புகளின் இலட்சக்கணக்கான படங்களை எந்த நிபந்தனையும் இன்றித் திறந்துவிட்டது. விக்கிமீடியா பொதுவகத்தில் சீகிரியாவின் நல்ல ஒளிப்படங்கள் உண்டு. அங்கே ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும். பெயர் குறிப்பிடச் சொன்னால் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிரச் சொன்னால் அதற்கும் இணங்க வேண்டும். கூகுள் தேடலில் வந்தது என்பது உரிமம் ஆகாது. கூகுள் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தேயிலை லேபிள் செய்பவர்களுக்கு ஒன்று. வாளேந்திய சிங்கம் தேசியக் கொடியில் பார்த்துப் பழகியதுதானே என்று இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் போட்டுவிடாதீர்கள். அது பதிவுசெய்த குறி. முழுக்க இலங்கைத் தேயிலையாக, இலங்கையிலேயே பொதிசெய்து, சபையிடம் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே.

உங்கள் படத்தை மற்றவர் எடுத்தால்? முதலில் முதல் வரைவுகளைத் திகதியோடு வைத்திருங்கள். கடதாசியில் கிறுக்கியது, கணினிக் கோப்பு, வாடிக்கையாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சி. வழக்கு கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் வரை சிறையும் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டமும் சட்டத்தில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு சட்டத்தரணியின் கடிதத்திலேயே விடயம் முடிந்துவிடும். வேலை எடுக்கும்போதே எதற்காக, எத்தனை பிரதி, எவ்வளவு காலம் என்று இரு பக்கமும் ஒப்பமிட்ட ஒரு தாள் இருந்தால் அந்தக் கடிதமும் தேவைப்படாது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்த படத்தின் வருமான உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். ஆனால் வரைந்தவர் தானே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதோடு போவதில்லை. 10ஆம் பிரிவு அதைத் தனியாக வைத்திருக்கிறது. அச்சுக்கடையில் கணினி முன் உட்கார்ந்து நாள் முழுக்க வடிவமைக்கும் பிள்ளைகள் தங்கள் பெயரை வேலையின் ஒரு மூலையில் போட இடம் கேட்கலாம்.